ஒரு உடம்பு, மூணு குரல்: லூயி ஆம்ஸ்ட்ராங் பத்தின ஓராள் நாடகம் எப்படி வேலை செய்யுது

மேடையில ஒரு ட்ரெஸ்ஸிங் ரூம். கண்ணாடி, மேக்கப் டேபிள், டேப் ரெக்கார்டர், ஆக்சிஜன் சிலிண்டர், அவ்வளவுதான். 1971 மார்ச், நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல், அங்க எம்பயர் ரூம்ல கச்சேரிய முடிச்சுட்டு ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர், பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங் உள்ள வர்றாரு. போஸ்டர்ல, டிவில, ரெக்கார்டு அட்டையில உலகமே பாத்த அந்த வாய் நிறைய சிரிப்பு முகத்துல சுத்தமா இல்ல, மூச்சு வாங்குது, மாஸ்க்கை எடுத்து மூக்குல வெச்சு இழுக்கிறாரு, அப்புறம் வாயத் திறந்து சொல்ற முதல் சேதியே இன்னிக்கு துணியிலேயே வெளிக்கு போயிடுச்சுங்கறதுதான். அதையும் பச்சையா, கெட்ட வார்த்தையிலயே சொல்றாரு.

டெர்ரி டீச்சவுட் எழுதின 'சாட்ச்மோ அட் தி வால்டார்ஃப்' இப்படித்தான் ஆரம்பிக்குது (சாட்ச்மோங்கறது ஆம்ஸ்ட்ராங்கோட செல்லப் பேரு). ஒரே நடிகர், இடைவேளை இல்லாம சுமார் ஒன்றரை மணி நேரம். வயசான ஒரு கலைஞர் பழச நினைச்சுப் பேசுற ஓராள் நாடகம் எத்தனையோ இருக்கு, பெரும்பாலும் ஒரே பாணிதான், பொறந்தேன் கஷ்டப்பட்டேன் ஜெயிச்சேன்னு ஒரு பயோடேட்டா, நடுவுல நாலு ஹிட் பாட்டு, கடைசில எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டல். இது அந்தக் கூட்டத்துல சேராது. ஏன் சேராதுன்னு பிரிச்சுப் பாக்கத்தான் இந்த ஆய்வு.

டீச்சவுட் அடிப்படையில ஒரு விமர்சகர். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேப்பர்ல நாடக விமர்சனம் எழுதிட்டு இருந்தவரு, சின்ன வயசுல கான்சாஸ் சிட்டில ஜாஸ் பேண்ட்ல பேஸ் வாசிச்சவரு, 2009ல ஆம்ஸ்ட்ராங்கோட வாழ்க்கை வரலாற்றை ஒரு பெரிய புத்தகமா எழுதினவரு. அந்தப் புத்தகத்துக்காக சேத்த சரக்குலேர்ந்துதான் நாடகம் வந்துச்சு. 2011ல ஃப்ளோரிடாவுல ஆர்லாண்டோவுல முதல் தடவை மேடையேறுது, நடிச்சவரு டென்னிஸ் நீல். 2012ல மாசசூசெட்ஸ் லெனாக்ஸ்ல ஜான் டக்ளஸ் தாம்சன் நடிக்க, கார்டன் எடெல்ஸ்டீன் இயக்கத்துல புதுசா வருது, அப்படியே நியூ ஹேவன், ஃபிலடெல்ஃபியான்னு சுத்தி 2014 மார்ச்ல நியூயார்க்ல ஆஃப் பிராட்வேக்கு, அதாவது பிராட்வேய விட சின்ன நாடக அரங்குக்கு, வந்து ஜூன் கடைசி வரைக்கும் ஓடுச்சு. தனிநபர் நடிப்புக்கான ட்ராமா டெஸ்க் விருது அந்த வருஷம் தாம்சனுக்குத்தான். டீச்சவுட் 2022 ஜனவரில இறந்துட்டாரு. இந்த விவரம் எல்லாம் இணையத்துல யாரு வேணா தேடி எடுத்துக்கலாம், நான் பேச வந்தது நாடகத்தோட உள் எலும்பைப் பத்தி.

அந்த ரெண்டு வாரம்

களம் கற்பனை இல்ல. 1971 மார்ச்ல ஆம்ஸ்ட்ராங் நெஜமாவே வால்டார்ஃப்ல ரெண்டு வாரம் வாசிச்சாரு. அப்ப அவருக்கு 69 வயசு. 1959ல இத்தாலில ஸ்போலெட்டோவுல ஒரு தடவை நெஞ்சுவலி வந்து படுத்தவரு, 1968, 69ல இதயமும் கிட்னியும் சேந்து மோசமாகி நியூயார்க் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரில நாள்கணக்கா கிடந்தவரு. மேடையிலயே செத்து விழுந்துடுவீங்கன்னு டாக்டர் நேராவே சொல்லிட்டாரு, அவரு கேக்கல, ஜனங்க எனக்காக காத்துட்டு இருக்காங்கன்னுட்டாரு. கடைசில ஒரு சமரசம், ஹோட்டல்லயே ரூம் போட்டு தங்கிக்கணும், வாசிக்கிறதுக்கு மட்டும்தான் கீழ இறங்கி வரணும். அப்படியே செஞ்சாரு, கச்சேரி முடிஞ்சதும் மறுபடி ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு, 1971 ஜூலை 6 அன்னிக்கு குயின்ஸ் கொரோனாவுல சொந்த வீட்ல தூக்கத்துலயே போயிட்டாரு.

ஆக நாடகக்காரருக்கு வரலாறே ஒரு ரூமையும் ஒரு கெடுவையும் கையில குடுத்துடுச்சு. ஆனா டீச்சவுட்டோட தேர்வு என்னன்னா மேடைய விட்டுட்டு மேடைக்குப் பின்னாடிய எடுத்துக்கிட்டாரு. கச்சேரி ஏற்கெனவே முடிஞ்சிருச்சு, நமக்கு அது காட்டப்படவே இல்ல. ஆம்ஸ்ட்ராங் பத்தின நாடகத்துல ட்ரம்பெட் வாசிப்பு கிட்டத்தட்ட இல்லன்னே சொல்லலாம், இத நெறைய பேரு குறையா சொன்னாங்க, எனக்கென்னவோ இதுதான் நாடகத்தோட பெரிய தைரியம்னு படுது. ஏன்னா பாட்டு வந்துட்டா ஜனம் உடனே அந்தப் பழைய சிரிச்ச மூஞ்சி ஆம்ஸ்ட்ராங்க பாத்துட்டு நிம்மதியா ஆயிடும், அப்புறம் அந்த ரூம்ல உக்காந்திருக்கற நோயாளியப் பாக்க வைக்கவே முடியாது.

முதல் வாக்கியத்த அவ்வளவு அசிங்கமா வெச்சதுக்கும் இதே காரணம்தான். எம்பயர் ரூம்ல கோட் சூட் போட்ட கூட்டத்துக்கு முன்னாடி சிரிச்சுட்டே நின்ன மனுஷன் அடிவயித்த அடக்க முடியாம தவிச்சாருங்கறது தெரிஞ்ச பிறகு அந்தச் சிரிப்பை நம்மால லேசா எடுத்துக்க முடியாது. அதுக்கு அவரு என்ன விலை குடுத்தாருங்கறது ஆரம்பத்துலயே புரிஞ்சிருது.

டேப் ரெக்கார்டர் எதுக்கு

ஓராள் நாடகத்துல எழுதுறவங்க எல்லாரும் முட்டிக்கிற சிக்கல் ஒண்ணு இருக்கு, இந்த ஆளு யார்கிட்ட பேசுறான்? சும்மா பார்வையாளர்களப் பாத்து தன் கதைய சொல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது நிமிஷத்துலயே செயற்கையா ஆயிடும். சிலரு போன் வைப்பாங்க, சிலரு கண்ணுக்குத் தெரியாத ஒரு பத்திரிகைக்காரர உக்கார வைப்பாங்க.

இங்க அந்தப் பிரச்சனைய ஆம்ஸ்ட்ராங்கோட சொந்தப் பழக்கமே தீத்து வெச்சிருச்சு. மனுஷனுக்கு ரீல் டேப் மேல ஒரு பைத்தியம். சுமார் 650 டேப் விட்டுட்டுப் போயிருக்காரு, பாட்டு மட்டும் இல்ல, நண்பர்களோட அரட்டை, மனைவி லூசில்லோட பேச்சு, பழைய ஜோக்கு, யாரையாவது திட்டினது எல்லாமே அதுல இருக்கு. டேப் டப்பா மேல பேப்பர் கட்டிங், போட்டோ எல்லாம் கத்தரிச்சு செலோடேப் போட்டு ஒட்டி தானே அலங்காரம் வேற பண்ணி வெச்சிருக்காரு, அவரு வீடு 2003லேர்ந்து மியூசியமா இருக்கு. அந்த டேப்புல வர்ற ஆம்ஸ்ட்ராங் வாயத் திறந்தா கெட்ட வார்த்தை, கோபம், கிண்டல், டிவில வந்தவருக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். டீச்சவுட் அதையெல்லாம் கேட்டு வளந்த காதோடதான் எழுதியிருக்காரு. அதனால நாடகத்துல அவரு ரெக்கார்டர்கிட்ட பேசுறது ஒட்ட வெச்ச உத்தியா தெரியல, தினமும் பண்ற வேலைய இன்னிக்கும் பண்றாருன்னுதான் இருக்கு.

கிளேசர் உள்ள வர்றாரு

இதுவரைக்கும் சொன்னது மட்டும்னா நல்ல நாடகம்னு சொல்லி நிறுத்தியிருப்பேன். இது அதுக்கு மேல போறது அதே நடிகர் திடீர்னு ஜோ கிளேசரா மாறும்போதுதான். வெளிச்சம் மாறுது, முதுகு நிமிருது, குரல் கறாரா ஆகுது, சிகாகோ யூத மேனேஜர் ஒருத்தர் மேடையில நிக்கிறாரு.

கிளேசர் 1935லேர்ந்து ஆம்ஸ்ட்ராங்கோட மேனேஜர். அதுக்கு முன்னாடி சிகாகோவுல சன்செட் கஃபேன்னு ஒரு க்ளப்பு நடத்தினவரு, தாதா அல் கபோன் கும்பலோட நிழல் விழுந்த இடம் அது, 1926லயே ஆம்ஸ்ட்ராங் அங்க வாசிச்சிருக்காரு. ரெண்டு பேருக்கும் நடுவுல கையெழுத்து போட்ட ஒப்பந்தம்னு எதுவும் பெருசா இல்ல, கைகுலுக்கினதோட சரி, 1969ல கிளேசர் சாகிற வரைக்கும் அதுவே ஓடுச்சு. ஆம்ஸ்ட்ராங் ஏன் அப்படி ஒப்புக்கிட்டாருன்னு கேக்கணும்னா அவரு வந்த வழிய பாக்கணும். 1901ல நியூ ஆர்லியன்ஸ்ல ரொம்ப கீழ்த்தட்டு ஏரியாவுல பொறந்த பையன், 1912 டிசம்பர் 31 ராத்திரி தெருவுல துப்பாக்கியால வானத்தப் பாத்து சுட்டதுக்கு போலீஸ் புடிச்சு சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பி, அங்கதான் ட்ரம்பெட் மாதிரி இருக்கற கார்னெட் ஒழுங்கா கத்துக்கிட்டாரு. பெரிய பேரு வாங்கின பிறகும் 1931ல சிகாகோவுல ட்ரெஸ்ஸிங் ரூமுக்கே துப்பாக்கியோட ஒருத்தன் வந்து நாளைக்கே நியூயார்க் கிளம்புன்னு மிரட்டியிருக்கான். அதே வருஷம் சொந்த ஊருக்குப் போனா ரேடியோ அறிவிப்பாளர் ஒரு கறுப்பன என்னால அறிமுகம் பண்ண முடியாதுன்னு மைக்லயே சொல்லிட்டு போயிட்டாரு, ஆம்ஸ்ட்ராங் தன் பேண்ட ஒரு சுரக்கூட்டு (chord) வாசிக்கச் சொல்லி தானே தன்ன அறிமுகம் பண்ணிக்கிட்டாரு. இப்படிப்பட்ட நாட்டுல உனக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக்காரன் நிக்கணும்டான்னு ஊர்ல பெரியவன் ஒருத்தன் சொன்ன புத்திமதிய அவரு கடைசி வரைக்கும் மறக்கல.

கிளேசர் குடுத்த புத்திமதி வேற, விமர்சகன மற, மத்த மியூசிஷியன மற, ஜனங்களுக்கு வாசி, பாடு, சிரி. அந்தச் சிரிப்பு ஆம்ஸ்ட்ராங்குக்கு இயல்பாவே இருந்துச்சுங்கறது உண்மை, அத வியாபாரமா ஆக்கினது கிளேசர்ங்கறதும் உண்மை, நாடகம் ரெண்டையும் விடாம புடிச்சுக்குது.

கதையோட முடிச்சு பணத்துல இருக்கு. தான் சம்பாதிச்சுக் குடுத்து வளத்த அசோசியேட்டட் புக்கிங் கம்பெனில கிளேசர் தனக்கு ஒரு பங்கு எழுதி வெச்சுட்டுப் போவாருன்னு ஆம்ஸ்ட்ராங் நம்பினாரு, எழுதல. நாடகத்துல அந்த ஆத்திரம்தான் அடியில கொதிச்சுட்டே இருக்கு. ஆனா நடிகர் கிளேசரா மாறி நம்மகிட்ட மட்டும் காரணத்த சொல்றாரு, கும்பலோட பிடில தான் மாட்டின கத, சிட்னி கோர்ஷாக்னு மாஃபியாவுக்கு வேண்டிய ஒரு வக்கீல் கைக்கு கம்பெனி கட்டுப்பாடு போன கத. நமக்குத் தெரிஞ்ச இந்தக் காரணம் ஆம்ஸ்ட்ராங்குக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே உடம்புல இருந்துட்டு ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குப் போய்ச் சேர மாட்டேங்குது, இந்த வலிய ரெண்டு நடிகர வெச்சு யாராலயும் கொண்டு வந்திருக்க முடியாது. பட்ஜெட்டுக்காக ஒரு ஆள் போதும்னு முடிவு பண்ணின நாடகம் இல்ல இது, இதுக்கு ஒரு ஆள்தான் நடிக்கணும்.

இங்க ஒரு எச்சரிக்கையும் வேணும். நாடகத்த வரலாறுன்னு எடுத்துக்கக் கூடாது, டீச்சவுட்டே இது கற்பனைன்னு தெளிவா சொல்லியிருக்காரு. 1969 மார்ச்ல ஆஸ்பத்திரி படுக்கையில இருந்து ஆம்ஸ்ட்ராங் தன் கையால எழுதின நீளமான குறிப்ப கிளேசருக்குத்தான் அர்ப்பணம் பண்ணியிருக்காரு, எனக்குக் கிடைச்சதுலயே நல்ல நண்பன்னு. அதே ஆஸ்பத்திரில கிளேசரும் ஸ்ட்ரோக் வந்து நினைவில்லாம கிடந்தாரு, ஆம்ஸ்ட்ராங் வீல்சேர்ல போய் பாத்துட்டு வந்தாரு. நண்பன்னு எழுதின மனசுக்கும் நாடகத்துல திட்டுற வாய்க்கும் நடுவுல ரெண்டு வருஷம் இருக்கு, அந்த இடைவெளிய நாடகம் ஊகத்தால நிரப்புது. நிரப்பினது நியாயமா இருக்குன்னுதான் எனக்குப் படுது, ஆனா ஊகம் ஊகம்தான்.

மைல்ஸ் டேவிஸ், எதிர்த்தரப்பு

மூணாவது குரல் மைல்ஸ் டேவிஸ், ஆம்ஸ்ட்ராங்குக்கு அடுத்த தலைமுறை ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர். கொஞ்ச நேரம்தான் வர்றாரு, ஆனா வரும்போதெல்லாம் குத்துறாரு. ட்ரம்பெட்ல ஆம்ஸ்ட்ராங் வாசிக்காத எதையும் யாரும் வாசிச்சிட முடியாதுன்னு சொன்னவரும் மைல்ஸ்தான், ஆம்ஸ்ட்ராங் வெள்ளைக்காரங்க முன்னாடி பல்லக் காட்டுறது தனக்குப் பிடிக்கலன்னு எழுதினவரும் அதே மைல்ஸ்தான். அந்தக் காலத்து இளம் கறுப்பு இசைக்காரங்க நெறைய பேரோட எண்ணம் இதுதான். அங்கிள் டாம், அதாவது வெள்ளைக்காரனுக்குக் கூழைக்கும்பிடு போடுறவன்னு பட்டம் கட்டினாங்க. இன்னொரு ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அப்படிப் பேசினாரு, பின்னால மனசு மாறி, அந்தச் சிரிப்பு வெறுப்பு தன்னை அண்டாம பாத்துக்கறதுக்கான வழின்னு புரிஞ்சுக்கிட்டாரு.

இங்க வர்க்கம்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, விமர்சனத்துல யாரும் பெருசா பேசாதது. மைல்ஸோட அப்பா பல் டாக்டர், பையன நியூயார்க் ஜூலியார்டு இசைப் பள்ளிக்கு அனுப்பி படிக்க வெச்சவரு. மைல்ஸ் பார்வையாளருக்கு முதுகக் காட்டி வாசிக்கிற கம்பீரம் அழகுதான், அதுக்குப் பின்னாடி ஒரு குடும்பத்தோட பலம் இருந்துச்சு. சின்னப் பையனா நிலக்கரி வண்டில வேல பாத்தவருக்கு ஜனம் முகம் சுளிச்சா அடுத்த வேளை சோறு இல்ல. ஒரே நடிகர் மைல்ஸா நின்னு ஆம்ஸ்ட்ராங்க இளக்காரமா பேசிட்டு, அடுத்த நிமிஷமே அதே உடம்போட நாற்காலில குனிஞ்சு உக்காந்து மூச்சு வாங்கும்போது இந்த வித்தியாசத்த யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

அந்தப் பட்டத்துக்கு ஆம்ஸ்ட்ராங்கோட வாழ்க்கையிலயே பதில் இருக்கு. 1957 செப்டம்பர், அர்கன்சாஸ்ல லிட்டில் ராக் ஊர்ல கறுப்புப் பசங்கள பள்ளிக்கூடத்துக்குள்ள விடாம கவர்னர் ஃபாபஸ் துருப்ப நிறுத்தி வெச்சிருக்கற நேரம். ஆம்ஸ்ட்ராங் நார்த் டகோட்டாவுல கிராண்ட் ஃபோர்க்ஸ்ல கச்சேரிக்கு வந்திருக்காரு, பசங்கள சேக்கணும்னு உத்தரவு போட்ட ஜட்ஜ் ரொனால்ட் டேவிஸோட சொந்த ஊரே அதுதான். அந்த ஊர்ல இருந்ததுலயே நல்ல ஹோட்டல்ல தங்கின முதல் கறுப்பரு ஆம்ஸ்ட்ராங். லாரி லுபெனோன்னு 21 வயசு பையன், உள்ளூர் பேப்பருக்கு வேல பாத்தவன், அரசியல் பேசாதன்னு எடிட்டர் சொல்லி அனுப்பியிருக்காரு. பையன் சும்மா லிட்டில் ராக் பத்தி கேட்டான், மனுஷன் வெடிச்சிட்டாரு. ஜனாதிபதி ஐசனோவர் ரெட்டை முகக்காரரு, துணிச்சல் இல்லாதவரு, கவர்னர் படிக்காத ஏர் உழவன்னு பேப்பர்ல வந்துச்சு, கடைசி வார்த்தை நெஜத்துல வேற, அச்சுல போட முடியாம ரெண்டு பேரும் சேந்து மாத்தினது. சோவியத் நாட்டுக்கு அரசாங்கத்து சார்பா போக இருந்த டூரையும் விட்டுட்டாரு. நம்ப மாட்டேன்னு ஏபி செய்தி நிறுவனத்து எடிட்டர் சொன்னதால பையன் மறுநாள் எழுதினத எடுத்துட்டு திரும்பப் போய் நின்னான், ஆம்ஸ்ட்ராங் படிச்சுப் பாத்து எதையும் எடுக்காத, நான் சொன்னதுதான்னு அடியில சரின்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. அவரு ரோடு மேனேஜர் வருத்தம் தெரிவிக்கிற மாதிரி ஏதோ சொல்லிப் பாத்தாரு, ஆம்ஸ்ட்ராங் அதையும் மறுத்துட்டாரு. மைல்ஸ் உட்பட அன்னிக்கு அவர கேலி பண்ணினவங்கள்ல எத்தன பேருக்கு இப்படி இழக்க ஒண்ணு இருந்துச்சு, இழந்தாங்க? 1956ல கறுப்பரும் வெள்ளையரும் சேந்து வாசிக்கிற கலப்பு பேண்டுக்குத் தடை போட்ட சட்டத்துக்காக சொந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ் பக்கமே 1965 வரைக்கும் வாசிக்கப் போகாதவரு அவரு.

இன்னொரு பக்கம், வால்டார்ஃப் பார்வையாளர் கூட்டத்த பத்தி நாடகத்துல அவரு சொல்றது மனசுல நிக்குது, மேடையில இருந்து பாத்தா முட்டை அட்டைய பாத்த மாதிரி இருக்குங்கறாரு, அவ்வளவும் வெள்ளை. தன் ஜனம் தன்ன கேக்க வர்றதில்லங்கற துக்கம் அந்த ஒரு வரியில இருக்கு. அவரு இன்னும் கோபத்தோட சொல்ல வேண்டிய விஷயம் அது, சிரிச்சுட்டே சொல்றாரு, கேக்கறவனுக்குத்தான் தொண்ட அடைக்குது.

நடிகருக்கு என்ன வேல

தாம்சன் இங்கிலாந்துல பொறந்த ஷேக்ஸ்பியர் நடிகர், ஒதெல்லோ மாதிரி பாத்திரங்கள்ல பேரு எடுத்தவரு. ஆம்ஸ்ட்ராங்கோட கரகர குரல அச்சு அசலா புடிச்சா ரெண்டு காட்சிக்கு அது மிமிக்ரியா நல்லாருக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு நடிகர் தொண்டையும் போயிடும், பாக்கறவன் பொறுமையும் போயிடும். அவரு சாயல மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த உடம்புல வெச்சாரு. உதட்ட தடவிப் பாக்கறது, உக்கார முன்னாடி நாற்காலிய புடிச்சுக்கறது மாதிரி சின்ன விஷயம் இங்க முக்கியம், ஆம்ஸ்ட்ராங் பல வருஷம் உச்ச ஸ்தாயில ஊதினதுல உதடு வடுவாகி தினமும் மருந்து தடவிட்டு இருந்தவருங்கறதால அது கவனிக்கற மாதிரி இருக்கணும். மூணு பேருக்கும் முதுகெலும்பு வேற வேற, அத வெச்சே மாற்றம் புரிஞ்சிரணும். ஆடை மாத்த நேரம் இல்ல, வெளியில போக வழி இல்ல.

பின்னால பேரி ஷபாகா ஹென்லி சிகாகோவுல இதே பாத்திரத்த எடுத்தாரு, 2016ல ஃப்ளோரிடாவுல பாம் பீச்ல டீச்சவுட்டே இயக்கினாரு. ஒரு ஊர் தாண்டி ஊர், நடிகர் மாறி நடிகர் நிக்கிற அளவுக்கு எழுத்துக்கு வலு இருக்குங்கறதுக்கு இதுவே போதும். ஒரு நடிகரோட திறமைய மட்டும் நம்பி எழுதினது முதல் நடிகரோடவே போயிடும்.

எனக்கு ஒரு குறை உண்டு. 1920கள்ல அவர முன்னுக்குத் தள்ளின ரெண்டாவது மனைவி லில் ஹார்டின், அவங்களும் பியானோ வாசிச்சவங்க, சிகாகோவுல அவரு தனியா பேரு எடுக்கணும்னு விடாம சொன்னவங்க, 1943ல கொரோனாவுல வீட்ட வாங்கின லூசில், இவங்க எல்லாம் பேச்சுல வந்துட்டுப் போறதோட சரி. மூணு ஆம்பளைக் குரல்ல நாடகம் முடிஞ்சிருது. லில்லுக்கு ஒரு பத்து நிமிஷம் குடுத்திருந்தா கிளேசர் தன்னாலதான் இவரு ஆளானாருன்னு பேசற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துலயே ஒரு கேள்வி நின்னிருக்கும், அது இல்லாதது பெரிய இழப்புதான்.

ஸ்கிரிப்ட் புத்தகமாவே வந்திருக்கு, படிக்கிறவங்க மேடைக்குறிப்புகள தாண்டிப் போகாம படிங்க. கூடவே 1928ல அவரு பதிவு பண்ணின வெஸ்ட் எண்ட் ப்ளூஸ் ஆரம்பத்துல தனியா வர்ற ட்ரம்பெட் பகுதிய ஒரு தடவ கேட்டுடுங்க, மைல்ஸ் ஏன் அப்படி மதிச்சு அப்படி திட்டினாருன்னு அதுக்கு மேல யாரும் சொல்ல வேண்டியிருக்காது.